அடிக்கடி அணைந்து எரியும் பாய்லருக்கு வெந்நீர்த் தேக்கத் தொட்டி

சேலத்து வெயிலில் அறையைச் சூடாக்கும் தேவை யாருக்கும் எழுவதில்லை. ஆனால் ஏற்காட்டில் குளியலுக்கும் மார்கழிக் குளிரில் அறைகளுக்கும் சேர்த்து ஒரே எல்பிஜி பாய்லரை வைத்திருப்பவர்கள், அதன் பர்னர் ஓரிரு நிமிடம் எரிந்து அணைவதையும் சற்று நேரத்தில் மறுபடி பற்றுவதையும் கவனித்திருக்கலாம். மிகக் குறைந்த தழலிலும் பாய்லர் 8 கிலோவாட் தர, அறைகள் 2 கிலோவாட் மட்டுமே ஏற்குமானால், மிஞ்சிய 6 கிலோவாட் போக்கிடமின்றிக் குழாய் நீரைச் சட்டெனச் சூடேற்றிவிடுகிறது. தெர்மோஸ்டாட் பர்னரை நிறுத்துகிறது. இதனால் எரிவாயு வீணாவதோடு, பற்றவைக்கும் பகுதியும் விசிறியும் வால்வுகளும் விரைவில் தேய்கின்றன.

பாய்லரின் குறைந்தபட்சத் தழலை இன்னும் இறக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் செலவே இல்லை. முடியாவிட்டால்தான், மிஞ்சும் வெப்பத்தை வாங்கிச் சேர்த்துவைக்கும் வெந்நீர்த் தொட்டி.

அளவை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டாம். மிஞ்சும் கிலோவாட்டை, பர்னர் தொடர்ந்து எரிய வேண்டிய நிமிடங்களால் பெருக்கி, அதை 14.3 ஆல் பெருக்கி, தொட்டி நீர் ஏற வேண்டிய டிகிரியால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மேற்சொன்ன வீட்டில் 15 நிமிட ஓட்டத்துக்கும் 20 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 64 லிட்டர் வருகிறது. 100 லிட்டர் தொட்டி தாராளம். ஏற்றத்தை 5 டிகிரியாகக் குறைத்தால் அதே வீட்டுக்கு 257 லிட்டர் வேண்டும். தொட்டி வைத்த பிறகும் தொல்லை தீராத வீடுகளில் நான் முதலில் சந்தேகிப்பது இந்த டிகிரி இடைவெளியைத்தான்.

ஆகவே இடைவெளி குறுகாமலிருக்க, தொட்டியின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வெப்பநிலை சென்சார் இரண்டு தேவை. மேல் சென்சார் 55 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது பர்னர் பற்ற வேண்டும். கீழ்ச் சென்சார் 70 டிகிரியைத் தொடும்போதுதான் அணைய வேண்டும். தொட்டி ஒல்லியாக, உயரமாக, நிமிர்ந்து நிற்கட்டும். பாய்லரிலிருந்து வரும் சூடான நீர் மேலே நுழைந்து, ஆறிய நீர் அடியிலிருந்து திரும்ப வேண்டும். பம்ப் வேகம் மிகுந்தால் இரண்டும் கலந்து, சென்சார்கள் இரண்டும் ஒரே அளவைக் காட்டத் தொடங்கும்.

குளியல் நீரைத் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியே தனியாக ஓடவிட்டு, வெளியேறும் இடத்தில் வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் வால்வைப் பொருத்துங்கள். 70 டிகிரி நீர் தோலைப் பொசுக்கிவிடும். சூடேறும் நீர் விரிவதற்கான விரிவாக்கக் கலமும், அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வும் கட்டாயம் வேண்டும். கேஸ் இணைப்பைத் தொடும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். தொட்டியைச் சுற்றி 50 மில்லிமீட்டர் தடிமனுக்காவது வெப்பக்காப்பு உறை போடுங்கள். குழாய்களையும் விட்டுவிடக் கூடாது.