டிகிண்டரில் பட்டனும் கீபோர்டும்: ஓர் எழுத்து எண்ணி செய்வோம்

மேலிருந்து கீழாக ஓடி முடியும் நிரல்களையே எழுதிப் பழகியவர்களுக்கு, ஜன்னல் வைத்த முதல் நிரல் கொஞ்சம் குழப்பும். யார் எப்போது எதை அழுத்துவார்கள் என்று அது காத்துக்கிடக்க வேண்டும். பைத்தானோடு கூடவே வரும், ஜன்னல் நிரல்கள் எழுத உதவும் தொகுதியான டிகிண்டரில் இதைச் செய்து பார்ப்போம்.

ஒரு ஜன்னல், தட்டச்சு செய்ய ஒரு என்ட்ரி பெட்டி, விடை காட்ட ஒரு லேபிள், ஒரு பட்டன். ஜன்னலைத் தவிர மற்ற மூன்றுக்கும், ஜன்னலில் இடம் ஒதுக்கும் பேக் கொடுங்கள். இல்லாவிட்டால் திரையில் வராது. கடைசி வரி மெயின்லூப். நிரல் காத்திருப்பது அங்கேதான்.

அடுத்து, பெட்டியில் இருப்பதை எடுத்து, நீளத்தைச் சொல்லும் லென் மூலம் எண்ணி, லேபிளில் போடும் ஃபங்ஷன். அதற்கு 'எண்ணு' என்றே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.

பட்டனோடு இணைக்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுவார்கள். கமாண்ட் = எண்ணு என்று பெயரை மட்டும் கொடுங்கள். எண்ணு() என்று அடைப்புக்குறி போட்டால், பட்டன் உருவாகும்போதே ஃபங்ஷன் ஓடி முடிந்துவிடும். அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. "தைத்து முடித்ததும் கூப்பிடுங்க" என்று தையல்காரரிடம் நம்பர் கொடுத்துவிட்டு வருகிறோமே, அப்படித்தான் பெயரைக் கொடுத்து வைக்கிறோம்.

சரி, தட்டத் தட்ட எண்ணிக்கை மாற வேண்டுமா? ஒரு நிகழ்வு நடந்ததும் நம் ஃபங்ஷனை ஓட்டச் சொல்லும் பைண்டைப் பெட்டிக்குப் போடுங்கள். பைண்ட் தன் ஃபங்ஷனுக்கு நிகழ்வு விவரம் ஒன்றை அனுப்பும், பட்டன் அனுப்பாது. இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷன் போதும் என்றால் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் நிகழ்வு = நன் (None, அதாவது 'எதுவும் இல்லை') என்று முன்னிருப்பு மதிப்பு வையுங்கள்.

எந்த நிகழ்வோடு பைண்ட் செய்வது? விசையை அழுத்தும் நிகழ்வான கீபிரஸ் என்று போட்டுப் பாருங்கள்: முதல் எழுத்துக்கு 0, இரண்டாவதுக்கு 1 என்று ஓர் எழுத்து பின்தங்கியே வரும். பெட்டி எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் முன்பே நம் ஃபங்ஷன் ஓடிவிடுவதுதான் காரணம். விசையை விடும் நிகழ்வான கீரிலீஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும். மவுஸால் பேஸ்ட் செய்யும்போது கீரிலீஸ் வராது. அதற்காகத்தான் பட்டனையும் வைத்திருக்கிறோம்.

இப்போது 'தமிழ்' என்று தட்டுங்கள். 3 வராது, 5 வரும். யூனிகோடில் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். லென் அவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. யூனிகோட்டேட்டா தொகுதியில் ஒவ்வொரு குறியின் வகையையும் கேட்டு, வகைப்பெயர் 'எம்' (M) என்ற எழுத்தில் தொடங்குபவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 3 கிடைக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இந்த முறையிலும் 2 என்றே வரும். அவற்றுக்குத் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும்.