கார்டு மாறியது, போர்ட் அமைப்பு போனது: என் அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகம். மாடுலர் சுவிட்சின் (கார்டுகளைக் கழற்றி மாற்றக்கூடிய நெட்வொர்க் சுவிட்ச்) 3-ஆம் ஸ்லாட்டில் இருந்த கிகாபிட் ஃபைபர் கார்டை எடுத்துவிட்டு 10 கிகாபிட் கார்டு போட்டிருந்தார்கள். போர்ட் விளக்குகள் பச்சை, ஆனால் மாடிகளுக்கு நெட்வொர்க் இல்லை.

சுவிட்சின் நடப்பு அமைப்பைக் காட்டும் 'ஷோ ரன்' கட்டளையைப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. இந்தச் சுவிட்சில் போர்ட் பெயரிலேயே வேகமும் சேர்ந்திருக்கிறது. கிகாபிட்ஈதர்நெட் 3/1 இப்போது டென்கிகாபிட்ஈதர்நெட் 3/1. சுவிட்சுக்கு அது புது போர்ட். பழைய விலேன் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு), டிரங்க் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு), போர்ட் சேனல் (பல போர்ட்களை ஒன்றாகச் சேர்ப்பது) எதுவும் அதில் இல்லை. அதே மாடல் கார்டு என்றால் பழைய அமைப்பு அப்படியே ஒட்டியிருக்கும்.

நல்லவேளை, பழைய அமைப்பின் பேக்கப் இருந்தது. அதில் 3-ஆம் ஸ்லாட் பகுதியை மட்டும் எடுத்துப் பெயர்களை மாற்றினேன். பழைய கார்டின் வேகம், இருவழிப் போக்கு பற்றிய 'ஸ்பீடு', 'டூப்ளெக்ஸ்' வரிகளை நீக்கினேன், அப்புறம் சுவிட்சில் பேஸ்ட் செய்தேன். 'ஷோ இன்டர்ஃபேஸ் டிரங்க்'கில் எல்லா விலேனும் தெரிந்த பிறகே சேமித்தேன்.