ஐரோப்பிய நிதியில் வரும் முனைவர் பட்ட ஆய்வாளரை ஜெர்மனியில் அமர்த்துவது எப்படி?

உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி டாக்டோரல் நெட்வொர்க் (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கும் ஐரோப்பியத் திட்டம்) நிதி கிடைத்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளரை எடுக்க வேண்டும். முதன்முறை இதில் இறங்கும் குழுத் தலைவருக்கும் அலுவலகத்தாருக்குமான வழிமுறை இது. தொகைகளும் கால அளவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பின் 2023–24 வேலைத்திட்டப்படி. 2025-க்கான திட்டத்தில் தொகை கூடியிருக்கிறது. உங்கள் கிராண்ட் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை.

1. தேதியை முதலில் பாருங்கள்

நெட்வொர்க்கின் ஆயுள் 48 மாதம், ஆய்வாளருக்கான நிதி 36 மாதம். அதாவது 13-ஆம் மாதத் தொடக்கத்துக்குள் அவர் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குமேல் தள்ளும் ஒவ்வொரு மாதமும் அவருடைய நிதியிலிருந்தே கழிகிறது. ஆளைத் தேர்ந்தெடுத்து, விசா வாங்கி, வீடு பார்க்க ஓராண்டு தாராளம் என்று தோன்றும். இல்லை.

2. தகுதி

எந்த நாட்டவரும் வரலாம். ஆனால் ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், உங்கள் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை, படிப்பு என்று இருந்திருக்கவோ கூடாது. விடுமுறைக்கு வந்துபோனது கணக்கில் சேராது.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கோவையிலிருந்து வந்து 2021 அக்டோபர் 1 முதல் 2023 செப்டம்பர் 30 வரை மியூனிக்கில் முதுகலை படித்துவிட்டு ஊர் திரும்பியவர் என்று வையுங்கள். அவரை 2025 செப்டம்பர் 1-இல் சேர்த்தால் கணக்கு 13 மாதம், தகுதி இல்லை. அக்டோபர் 1-இல் சேர்த்தால் சரியாக 12, தகுதி உண்டு. குடியுரிமையைப் பார்த்துவிட்டு "வெளிநாட்டவர்தானே" என்று விட்டுவிடாதீர்கள். மாதவாரியாக எங்கே இருந்தார் என்று எழுதி வாங்குங்கள். அதே மாணவரை நெட்வொர்க்கில் உள்ள நெதர்லாந்துக் கூட்டாளி தாராளமாக எடுக்கலாம்.

3. சம்பளத்தை உள்ளபடி சொல்லுங்கள்

விளம்பரம் யூராக்சஸ் (ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான இணையதளம்) தளத்தில் போக வேண்டும். அதில் மொத்தத் தொகையை மட்டும் போட்டுவிட்டால் பிறகு மனஸ்தாபம் நிச்சயம். மாத வாழ்க்கைப்படி (வாழ்க்கைச் செலவுக்கான தொகை) 3,400 யூரோ; இதை நாட்டுக்கான திருத்தக் குணகத்தால், அதாவது அந்நாட்டு விலைவாசிக்கு ஏற்ற விகிதத்தால், பெருக்க வேண்டும். இடப்பெயர்வுப்படி 600. குடும்பம் இருந்தால், அல்லது நடுவில் திருமணம் ஆனால், கூடுதலாக 660.

குணகத்தை 100 சதவீதம் என்று கொண்டால் 3,400 + 600 = 4,000. முதலாளி கட்டும் சமூகக் காப்பீட்டுப் பங்கும் இந்த 4,000-க்குள்தான் அடங்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஜெர்மனியில் அது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. ஆகவே ஒப்பந்தச் சம்பளம் 3,300 அருகே வரும். தனி ஆளுக்கு வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவது 2,100 யூரோ சுற்றி. நேர்காணலிலேயே இந்தக் கடைசி எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

4. பல்கலைக்கழகச் சேர்க்கையும் விசாவும்

இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். வெளிநாட்டு முதுகலைப் பட்டத்துக்கு ஈடு உண்டா என்று துறை பார்த்து முடிக்க வாரங்கள் பிடிக்கும்.

ஆராய்ச்சியாளர் விசா, வதிவிடச் சட்டம் பிரிவு 18டி-யின் கீழ் வருகிறது. அதற்கு வேலை ஒப்பந்தம் அல்லது ஆய்வு நிறுவனத்தோடு செய்த ஏற்பு ஒப்பந்தம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்குச் சென்னையிலேயே ஜெர்மன் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்த விசாவில் வருபவரின் கணவனோ மனைவியோ ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை, வேலைக்கும் போகலாம். நல்ல ஆட்கள் வேறு வாய்ப்பை விட்டு உங்களிடம் வர இதுவும் ஒரு காரணமாகலாம், கடிதத்தில் எழுதுங்கள்.

விசா தாமதமானால் "அங்கிருந்தே ஆன்லைனில் தொடங்கட்டும்" என்று ஒப்பந்தத்தை ஓடவிடாதீர்கள். காப்பீடு, வரி இரண்டும் சிக்கும்.

5. வந்து இறங்கிய பின்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. குறுகிய கால வாடகை அறைகளில் பலர் அதைத் தர மறுப்பார்கள். முகவரி பதியாவிட்டால் வரி எண் வராது, வங்கிக் கணக்கும் இழுபடும். பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் மூன்று மாதத்துக்கு முன்பதிவு செய்து, கடிதம் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சேர்ந்த 20 நாளுக்குள், ஆய்வாளரின் விவரங்கள் அடங்கிய இடப்பெயர்வு அறிக்கையை ஐரோப்பிய ஆணையத் தளத்தில் ஏற்ற வேண்டும்.

6. செகண்ட்மென்ட்

ஆய்வாளர் கூட்டாளி நிறுவனங்களில் சிறிது காலம் தங்கி வேலை செய்வதுதான் செகண்ட்மென்ட். அந்தக் காலம், நிதிக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது (தொழில்துறை முனைவர் பட்டத் திட்டங்களுக்கு விதி வேறு). பயணச் செலவையும் அங்கே தங்கும் செலவையும் ஆய்வாளர் தலையில் கட்டாதீர்கள். மாதம் 1,600 யூரோ ஆய்வு, பயிற்சித் தொகை அதற்குத்தான் வருகிறது. வெளியே இருக்கும்போதும் ஜெர்மன் சமூகக் காப்பீட்டிலேயே தொடர்கிறார் என்று காட்டும் ஏ1 சான்றிதழை முன்பே வாங்குங்கள்.

ஜெர்மனியின் ஆராய்ச்சியாளர் அனுமதி பிற ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பலவற்றில் 360 நாளில் 180 நாள் வரை ஆய்வு செய்ய வழிவிடும். முன்னறிவிப்பு மட்டும் கேட்கலாம். அயர்லாந்தும் டென்மார்க்கும் அந்த விதிக்குள் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்திலேயே இல்லை. இம்மூன்றில் எங்கு அனுப்புவதானாலும் அந்த நாட்டு அனுமதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பயணத்துக்கு நாலு மாதம் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.