களைச்செடியின் இனத்தை டிஎன்ஏ பார்கோடிங் மூலம் உறுதிசெய்யும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள செபராங் பிறையின் நெல்வயல்களில் நெல்லோடு நெல்லாக நிற்கும் சம்பாவ் புல்லைக் கண்டறிய முதலில் ஆய்வகம் தேவையில்லை. இலை, தண்டை விட்டுப் பிரியும் மூட்டைப் பார்த்தால் போதும்: நெல்லில் அங்கே மெல்லிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும், சம்பாவ் புல்லில் இருக்காது. சம்பாவ் அடங்கிய எக்கினோக்ளோவா பேரினத்தின் சிற்றினங்களைப் பூக்கும் முன்னரே பிரித்தறிய வேண்டும் என்றாலோ, கையில் நாற்றோ விதையோ மட்டும் கிடைத்தாலோதான் குறிப்பிட்ட சில டிஎன்ஏ பகுதிகளின் வரிசையைப் படித்து இனத்தை அறியும் டிஎன்ஏ பார்கோடிங் உண்மையில் பயன்படுகிறது.

நோயற்ற இளம் இலையைத் துடைத்து, காகித உறையிலிட்டு, இலையின் எடையைப்போல் பத்து மடங்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் புதையுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் இதைத் தாமதித்தால் இலையில் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். அதே செடியை, இயன்றால் பூங்கொத்தோடு, அழுத்தி உலர்த்தி, உறைக்கும் அதற்கும் ஒரே எண்ணை இடுங்கள். பலர் தவிர்த்துவிடும் வேலை இதுதான். ஆனால் பின்னர் முடிவில் ஐயம் எழும்போது திரும்பிப் பார்க்க அந்த உலர்மாதிரியைத் தவிர வேறு சான்று இராது.

ஆய்வகத்தில் இலையைப் பொடித்து, செல்லைச் சிதைத்து டிஎன்ஏவை வெளிவிடும் சிடேப் (CTAB) கரைசலில் 65 பாகை செல்சியஸில் வைத்து, குளோரோஃபார்ம் கொண்டு புரதத்தை நீக்கி டிஎன்ஏவைப் பிரித்தெடுங்கள். நிலத்தாவரங்களுக்கான பார்கோடாக 2009இல் பரிந்துரைக்கப்பட்டவை ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரு பசுங்கணிக மரபணுக்கள். முன்னது, டிஎன்ஏ பகுதியைப் பல நகல்களாக்கும் பிசிஆர் முறையில் எளிதாகப் பெருகும், ஆனால் நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னதில் வேறுபாடு அதிகம், பெருக்குவதோ கடினம். ஆகவே உட்கருவிலுள்ள ஐடிஎஸ்2 பகுதியையும் சேர்த்துக்கொள்வதே நல்லது. பசுங்கணிகம் புற்களில் பொதுவாகத் தாய்வழியே வருவதால், கலப்பினச் செடியின் தந்தையை அது காட்டாது.

பெருக்கிய டிஎன்ஏவை அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு, ஒற்றைப் பட்டை தெரிந்தால் இரு திசைகளிலும் வரிசையைப் படிக்க அனுப்பி, தெளிவற்ற முனைகளை வெட்டிவிட்டு, பொது டிஎன்ஏ தரவுத்தளமான ஜென்பேங்கில், ஒத்த வரிசைகளைக் காட்டும் பிளாஸ்ட் தேடல் செய்யுங்கள். முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். அங்கே தவறாகப் பெயரிடப்பட்ட வரிசைகளும் உண்டு. பல சிற்றினங்கள் 100 விழுக்காடு பொருந்தினால் பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை.

விவசாயிகளை அதிகம் வருத்தும் பாடி ஆங்கின் எனும் களைநெல்லுக்கு இம்முறை கைகொடுக்காது. அதுவும் ஒரைசா சடைவா, பயிரிடும் நெல்லின் அதே இனம். கதிரை உள்ளங்கையில் தட்டியதும் மணி உதிர்கிறதா, உமிக்குள் அரிசி சிவந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாச் செடியிலும் அரிசி சிவப்பாக இருப்பதில்லை. அதற்கு மேலும் உறுதி வேண்டுமானால் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களான மைக்ரோசாட்டிலைட் குறியீடுகளைக் கொண்டு சோதியுங்கள்.