கடைக்குப் போகும் முன் மீட்டரைப் பாருங்கள்

புது நாட்டில் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, ஃபிரிட்ஜ் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஓடினேன். அதற்கு முன் இரண்டு சின்ன வேலை இருக்கிறது. கரண்ட் மீட்டர் எங்கே என்று கண்டுபிடித்து, குடிவந்த அன்றே அதில் காட்டும் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். முன்பு இருந்தவர் ஓட்டிய யூனிட் உங்கள் பில்லில் ஏறினால், காட்டுவதற்கு அந்தப் படம் கையில் இருக்கும். அடுத்து, ஒரு யூனிட் என்ன விலை என்று மின்சார ஒப்பந்தத் தாளில் பாருங்கள். பில்லில் கிலோவாட் மணி என்று போட்டிருப்பது நம் யூனிட்தான். இந்த விலை தெரியாவிட்டால், எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று காட்டக் கடையில் சாமான் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தும் பயனில்லை.

சூட்கேஸில் வந்த சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூரிலும் அதேதான். பிளக் மட்டும் மாறலாம். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக் அடாப்டர் பின்னை மாற்றுமே தவிர வோல்ட்டேஜை மாற்றாது. சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலை வேண்டாம். மோட்டார் உள்ளதையும் சூடாக்குவதையும் அமெரிக்கா, கனடாவில் அப்படியே செருகாதீர்கள்.

சரி, கடைக்கு வருவோம். எல்லாச் சாமானுக்கும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாள் முழுக்க ஓடுவது எது, சூடாக்குவது எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லை ஏற்றுவது பெரும்பாலும் அந்த இரண்டு கூட்டம்தான்.

நாள் முழுக்க ஓடுவது ஃபிரிட்ஜ். ஐரோப்பாவில் அதன் மேல் ஏ முதல் ஜி வரை எழுத்து போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நட்சத்திரம், சிங்கப்பூரில் டிக் குறி, அமெரிக்காவில் மஞ்சள் நிற எனர்ஜிகைடு. எழுத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து மயங்காதீர்கள். அவை ஃபிரிட்ஜின் அளவையும் கணக்கில் எடுத்துத் தரும் மதிப்பெண். நல்ல மதிப்பெண் வாங்கிய ராட்சத ஃபிரிட்ஜ், சுமாரான மதிப்பெண் வாங்கிய சின்னதைவிட அதிகக் கரண்ட் குடிக்கலாம். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதே ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கும், அதைப் படியுங்கள். ஒன்றில் 150, இன்னொன்றில் 250 என்றால் வித்தியாசம் 100 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்குங்கள், அப்புறம் பத்து ஆண்டால் பெருக்குங்கள். கடை விலையில் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றால் விலை கூடியதையே எடுக்கலாம்.

பழைய ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சில் அளவுகோலையே மாற்றியது. ஏ+, ஏ++ எல்லாம் போய்விட்டன. பழைய ஏ+ ஃபிரிட்ஜ் இன்றைய கணக்கில் எஃப், ஜி பக்கம்தான் நிற்கும். நான் முதலில் வாங்கியது வீட்டைக் காலி செய்தவர் ஒருவர் விட்டுப்போன ஃபிரிட்ஜ். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ராத்திரி முழுக்க மோட்டார் ஓயவே இல்லை. கதவு ரப்பர் காய்ந்து இறுகி, கதவோடு ஒட்டாமல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த ஃபிரிட்ஜ் வேண்டாம்.

இனி சூடாக்கும் கூட்டம். முதல் குளிர்காலத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். பிளக்கில் செருகும் ஹீட்டர் எண்ணெய் நிரப்பியதோ, ஃபேன் வைத்ததோ, சுவரில் மாட்டும் பலகையோ, எதுவானாலும் 2000 வாட் இழுத்தால் 2000 வாட் சூடுதான் தரும். 'கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஹீட்டர்' என்பது விற்பவர் பேச்சு. அது ஐந்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 10 யூனிட். அதாவது 150 யூனிட் ஃபிரிட்ஜ் ஓராண்டு முழுக்கக் குடிப்பதை, ஹீட்டர் பதினைந்து மாலைகளில் குடித்துவிடும். சூடும் தரும் ஏசி வீட்டில் இருந்தால் அதைப் போடுங்கள். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இழுத்து வருகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். வெளியே கடுங்குளிர் என்றால் கொஞ்சம் குறையும்.

துணி உலர்த்தும் ட்ரையரிலும் இதே கதை. அந்த ஏசி போலவே சூட்டை உண்டாக்காமல் இழுத்துப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை, பழைய வகையில் ஏறக்குறைய பாதிக் கரண்டில் வேலையை முடிக்கும். விலை கூடுதல், நேரமும் கூடுதல். வீட்டுக்குள் கொடியில் உலர்த்தினால் செலவே இல்லை, ஆனால் ஈரம் வெளியேற ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சுவரில் பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரருடன் வம்பு.

வாஷிங் மெஷினில் கரண்டைத் தின்பது சுற்றுவதல்ல, தண்ணீரைச் சூடாக்குவது. சாதாரண அழுக்குக்கு 30 டிகிரி போதும். கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஈகோ (Eco) முறையில் போட்டால் மூன்று மணி நேரம் ஓடுகிறதே என்று பதறாதீர்கள். சூட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக நேரத்தைக் கூட்டுகிறது. இன்னொன்று, ஐரோப்பிய ஸ்டிக்கரில் ஃபிரிட்ஜுக்கு ஆண்டுக் கணக்கு, வாஷிங் மெஷினுக்கு 100 சலவைக் கணக்கு, டிவிக்கு 1000 மணி நேரக் கணக்கு. ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

பல்புக்கு ஒரே வரிதான்: எல்இடி. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்டுக்குள் தரும்.

வாடகை வீட்டில் இருக்கும் சாமான் மேல் சந்தேகம் வந்தால், பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் சின்ன மீட்டர் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். சில ஊர் நூலகங்களில் இரவலாகவே தருவார்கள். ஃபிரிட்ஜில் மாட்டினால் முழுதாக ஒரு நாள் விட்டுவிட்டுப் படியுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடுவதால் ஐந்து நிமிடக் கணக்கை நம்ப முடியாது.