பாக்கராட் மேசையில் உட்காரும் முன்: ஆட்டமும் பந்தயக் கணக்கும்

சீனப் புத்தாண்டு விடுமுறை நெருங்கினால் எங்கள் சுங்கை சிப்புட்டில் கெந்திங் மலைப் பேச்சு ஆரம்பித்துவிடும். வேன் எடுத்துக்கொண்டு குடும்பமாக மலையேறுவார்கள். பிள்ளைகள் விளையாட்டுப் பூங்காவுக்குப் போவார்கள், பெரியவர்களில் சிலர் கெசினோவுக்குள் நுழைவார்கள். சுற்றுத் தோட்டங்களிலிருந்து முதல்முறை போகிற தம்பிமார் பலர் பாக்கராட் என்ற சீட்டாட்ட மேசையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பார்க்கச் சுலபமான ஆட்டம், சீக்கிரம் சீக்கிரமாக முடிவு தெரிந்துவிடும். ஆனால் அந்த மேசையில் வரைந்திருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை மேசைத் துணியில் எழுதி வைக்கமாட்டார்கள். வீட்டிலேயே தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன் சட்டம். மலேசியாவில் உரிமம் பெற்ற ஒரே கெசினோ கெந்திங் மலையில் இருப்பதுதான். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அனுமதி கிடையாது. கடைக்குப் பின்னால் இரவில் போடும் மேசையும், கைப்பேசிக்கு வந்து விழும் கெசினோ இணைப்புகளும் இந்த உரிமத்துக்குள் வராது. 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டத்தின்படி, இடம் நடத்துகிறவரோடு அங்கே உட்கார்ந்து ஆடுகிறவரும் மாட்டிக்கொள்வார். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

படி 1: சீட்டின் மதிப்பு

ஏஸ் என்றால் 1. இரண்டு முதல் ஒன்பது வரை அந்தந்த எண். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா நான்குக்கும் மதிப்பு பூஜ்யம். கூட்டுத்தொகையில் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழும் ஆறும் வந்தால் 13, அதாவது 3. ராஜாவும் எட்டும் வந்தால் 8. ஒன்பதுக்கு மேல் இந்த ஆட்டத்தில் எண்ணே கிடையாது. ஒன்பதுக்கு எந்தப் பக்கம் நெருக்கமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

படி 2: இரண்டு பக்கங்கள்

பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கங்கள் உண்டு. இந்தப் பெயர்கள்தான் புதியவர்களைக் குழப்புகின்றன. பிளேயர் என்றால் நீங்கள் இல்லை, பேங்கர் என்றால் கெசினோவும் இல்லை. இரண்டுமே மேசையில் சீட்டு விழும் இரண்டு இடங்கள், அவ்வளவுதான். நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம். பந்தயம் கட்டி முடிந்ததும் டீலர் பிளேயருக்கு ஒன்று, பேங்கருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி ஆளுக்கு இரண்டு சீட்டு போடுவார். சீட்டுகள் ஷூ எனப்படும் பெட்டியிலிருந்து வரும். அதில் பெரும்பாலும் எட்டுக் கட்டுச் சீட்டு கலந்திருக்கும்.

வீட்டில் இருபத்தொன்று ஆடிப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் இன்னொரு சீட்டு வாங்கலாமா, நிறுத்தலாமா என்று நீங்கள் முடிவு செய்வீர்கள். பாக்கராட்டில் அந்த உரிமை யாருக்கும் இல்லை. மூன்றாவது சீட்டு வருமா வராதா என்பதை விதியே சொல்லிவிடும். உங்கள் கையில் இருப்பது இரண்டே முடிவுகள்: எந்தக் கட்டத்தில் எவ்வளவு வைப்பது, எப்போது எழுந்து போவது.

படி 3: மூன்றாவது சீட்டு

முதல் இரண்டு சீட்டிலேயே எந்தப் பக்கமாவது 8 அல்லது 9 வந்தால் அது நேச்சுரல். ஆட்டம் அங்கேயே முடிந்தது, யாருக்கும் மூன்றாவது சீட்டு இல்லை. நேச்சுரல் வராவிட்டால் முதலில் பிளேயர் பக்கம் பார்ப்பார்கள். 0 முதல் 5 வரை இருந்தால் ஒரு சீட்டு விழும், 6 அல்லது 7 இருந்தால் நிற்கும்.

அப்புறம் பேங்கர். பிளேயர் நின்றுவிட்டிருந்தால் பேங்கருக்கும் அதே விதிதான். பிளேயருக்கு மூன்றாவது சீட்டு விழுந்திருந்தால், அது என்ன சீட்டு என்று பார்த்துத்தான் பேங்கருக்கு முடிவாகும்:

- பேங்கரிடம் 0, 1, 2 இருந்தால் எப்போதும் ஒரு சீட்டு விழும்.
- 3 இருந்தால், பிளேயருக்கு விழுந்தது 8ஆக இல்லாதவரை விழும்.
- 4 இருந்தால், பிளேயருக்கு விழுந்தது 2 முதல் 7 வரை என்றால் விழும்.
- 5 இருந்தால், 4 முதல் 7 வரை என்றால் விழும்.
- 6 இருந்தால், 6 அல்லது 7 என்றால் மட்டும் விழும்.
- 7 இருந்தால் நிற்கும்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, டீலர் பார்த்துக்கொள்வார். ஆனால் பேங்கர் பக்கம் ஏன் கொஞ்சம் அதிகமாக ஜெயிக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பிளேயருக்கு என்ன வந்தது என்று தெரிந்த பிறகு பேங்கருக்கு முடிவு எடுக்கப்படுகிறது.

ஓர் ஆட்டம் போட்டுப் பார்ப்போம். பிளேயருக்கு ஏழும் ஆறும், அதாவது 3. பேங்கருக்குப் பத்தும் ஐந்தும், அதாவது 5. பிளேயருக்கு மூன்றாவது சீட்டாக ஒன்பது விழுகிறது. 3ம் 9ம் சேர்ந்தால் 12, ஆக 2. பிளேயருக்கு விழுந்தது 9 என்பதால் பேங்கர் 5லேயே நிற்கும். ஐந்துக்கு இரண்டு, பேங்கர் ஜெயித்தது.

படி 4: கட்டங்களின் விலை

மேலே சொன்ன ஆட்டத்தில் நீங்கள் பிளேயரில் 100 ரிங்கிட் வைத்து, பிளேயரே ஜெயித்திருந்தால் 100 கிடைத்திருக்கும். பேங்கரில் வைத்திருந்தால் 95 கிடைத்திருக்கும். பேங்கர் வெற்றிக்கு 5 விழுக்காடு கமிஷன் பிடிப்பார்கள். சமமாக முடிந்தால் இரண்டு பந்தயமும் அப்படியே உங்களிடம் திரும்பி வரும். சமம் வரும் என்று டை கட்டத்தில் வைத்தவருக்கு மட்டும் ஒன்றுக்கு எட்டு கொடுப்பார்கள்.

எட்டுக் கட்டுச் சீட்டில் பேங்கர் ஜெயிக்கும் வாய்ப்பு 45.86 விழுக்காடு. பிளேயருக்கு 44.62. சமம் வருவது 9.52. கமிஷனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நீண்ட ஓட்டத்தில் நூறு ரிங்கிட் பந்தயத்துக்குக் கெசினோ எடுத்துக்கொள்வது பேங்கரில் 1.06 ரிங்கிட், பிளேயரில் 1.24, டையில் 14.36. ஒரே மேசை, ஒரே சீட்டு, ஆனால் டை கட்டத்தின் விலை பேங்கரைப் போல பதின்மூன்று மடங்குக்கும் மேல்.

இதைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 நாள் வேலை என்றால் நாளுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். மேசையில் ஆட்டத்துக்கு 50 ரிங்கிட், மணிக்கு 60 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் உங்கள் கை வழியாக 3,000 ரிங்கிட் பந்தயம் போகிறது. அதற்குச் சராசரி இழப்பு பேங்கரில் 32 ரிங்கிட், பிளேயரில் 37. டையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் 431. அரை நாள் கூலிக்கும் ஒரு வாரக் கூலிக்கும் உள்ள வித்தியாசம் இது. இவை சராசரிதான். ஒரு நாள் ஜெயித்தும் வரலாம், சராசரியைப் போலப் பல மடங்கு தோற்றும் வரலாம்.

பக்கவாட்டுக் கட்டங்களும் உண்டு. ஒரு பக்கத்துக்கு விழும் முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வரும் என்று கட்டினால் ஒன்றுக்குப் பதினொன்று கொடுப்பார்கள். அதில் கெசினோவின் பங்கு நூற்றுக்கு 10.36. சில மேசைகளில் கமிஷன் இல்லை என்று எழுதியிருப்பார்கள். அதற்கு மயங்கிவிட வேண்டாம். அங்கே பேங்கர் 6 எடுத்து ஜெயித்தால் பாதிதான் தருவார்கள், அதனால் பேங்கரின் விலை 1.46 ஆகிவிடுகிறது. கமிஷன் பிடிக்கும் மேசைதான் மலிவு.

படி 5: திரையை நம்ப வேண்டாம்

மேசைக்கு மேலே ஒரு திரையில் சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் வரிசை வரிசையாக ஓடும். சிவப்பு பேங்கர், நீலம் பிளேயர். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதைப் பற்றியதுதான்: “அண்ணே, வரிசையா எட்டு தடவ பேங்கர் வந்துருச்சு. இனிமே பிளேயர்தானே வரணும்?”

வரணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை தம்பி. முந்தின ஆட்டம் எப்படி முடிந்தது என்பது அடுத்த சீட்டுக்குத் தெரியாது. ஒன்பதாவது ஆட்டத்திலும் ஏறக்குறைய அதே 45.86, அதே 44.62. அந்தத் திரை நடந்ததைச் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் நடக்கப்போவதைப் பற்றி அதனிடம் ஒன்றுமே இல்லை.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு என்ற யோசனையும் இப்படித்தான். 50, 100, 200, 400, 800, 1,600 என்று ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் 3,150 ரிங்கிட் போயிருக்கும். ஏழாவதாக 3,200 வைத்து ஜெயித்தாலும் மொத்த லாபம் வெறும் 50, பேங்கரில் வைத்திருந்தால் அதுவும் இல்லை. அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்துவிடும், இல்லாவிட்டால் கையில் காசு தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரர், ஞாபகம் வரும். ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பவர்களால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போயிருக்கிறது என்பது நம் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். கடன் வாங்கி ஒரு ரிங்கிட்கூட மேசையில் வைக்காதீர்கள்.

படி 6: வீட்டுப் பயிற்சி

ஒரு கட்டுச் சீட்டும் ஒரு டப்பா ரப்பர் கொட்டையும் போதும். காசு வேண்டாம். தாளில் பிளேயர், பேங்கர், டை என்று மூன்று கட்டம் வரைந்து, ஒருவர் டீலராக இருங்கள். ஆளுக்கு நாற்பது கொட்டை. ஒருவர் எப்போதும் பேங்கரில், இன்னொருவர் எப்போதும் டையில் ஆட்டத்துக்கு ஒரு கொட்டை வீதம் வைக்கட்டும். இருபது பேங்கர் வெற்றிக்கு ஒரு கொட்டை கமிஷன் எடுத்துவிடுங்கள். மூன்றாவது சீட்டுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை ஆடினால் விதி தானாகக் கைக்கு வந்துவிடும். டையில் ஒருமுறை எட்டு கொட்டை வரும்போது கிடைக்கும் சந்தோஷத்தையும், அதற்கு முன்னும் பின்னும் கொட்டை கரைகிற வேகத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: மேசையில்

உட்காரும் முன் மேசைப் பலகையில் குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று படியுங்கள். விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகமென்றால் மலிவான மேசை கிடைப்பது கடினம். கிடைக்காவிட்டால் வேடிக்கை பார்த்துவிட்டு வாருங்கள். பணத்தை டீலர் கையில் நீட்டாமல் மேசைமேல் வையுங்கள், அவர் பந்தயத்துக்கு வைக்கும் வில்லைகளாக, அதாவது சிப்பாக, மாற்றித் தருவார். இனிப் பந்தயம் இல்லை என்று சொன்ன பிறகு உங்கள் சிப்பைத் தொடக்கூடாது. திரும்பிவரும் செலவையும் வீட்டுக் காசையும் வேனில் வருகிற ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அக்காவோ மனைவியோ இருந்தால் இன்னும் நல்லது. எழும்போது சிறு சிப்புகளைப் பெரிய சிப்பாக மாற்றித் தரும்படி டீலரிடம் கேளுங்கள். அதைக் காசாளர் முகப்பில் கொடுத்தால் ரொக்கம் கிடைக்கும்.