பத்து வாரத்தில் ஒரு மரபியல் ஆய்வு: எங்கிருந்து திட்டமிடுவது?

மரபியல் புராஜெக்ட் செய்ய வருகிற மாணவர்கள் பெரும்பாலும் ஒரு நோயின் பெயரையோ மரபணுவின் பெயரையோ சொல்லிக்கொண்டுதான் என்னிடம் வருவார்கள். நான் முதலில் கேட்பது, ஆய்வேட்டை என்றைக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதை. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பத்து வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று வாரம் கணக்குப் போடவும் எழுதவும் வேண்டும். முதல் வாரம் படிப்பதிலும் அனுமதி வாங்குவதிலும் போய்விடும். ஏதாவது கெட்டுப்போனால் திரும்பச் செய்ய ஒரு வாரம். ஆக, ஆய்வுக்கென்று கையில் நிற்பது ஐந்து வாரம். கேள்வி அதற்குள் அடங்க வேண்டும்.

அடங்குமா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எடுத்துக்கொள்ளும் உயிரி. ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும், ஈஸ்ட்டுக்குச் சுமார் 90 நிமிடம். பழ ஈ 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய பத்து நாள் எடுக்கும். 18 டிகிரியில் வைத்தால் அதுவே கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அராபிடாப்சிஸ் செடிக்கு விதையிலிருந்து விதைக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிடும் என்பதால், ஐந்து வாரத்தில் அதில் கலப்புச் சோதனை நடக்காது. பழ ஈயில் இரண்டு தலைமுறை பார்த்துவிடலாம், ஆனால் இழுபறியாகத்தான் முடியும்.

அதனால்தான் முதல் தலைமுறையிலேயே பதில் வரத் தொடங்குகிற கேள்வியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். 'பழ ஈயில் கண் நிறத்தின் மரபு' என்பது வெறும் தலைப்புதான். 'வெள்ளைக் கண் தாயிடமிருந்து வந்தாலும் தந்தையிடமிருந்து வந்தாலும் பிள்ளைகளில் ஒரே மாதிரி தெரிகிறதா?' என்று கேட்டால் அது கேள்வி. வெள்ளைக் கண் பெண்ணைச் சிவப்புக் கண் ஆணோடு ஒரு குப்பியில் விடுங்கள், இன்னொரு குப்பியில் அப்படியே மாற்றி விடுங்கள். முதல் குப்பியில் மகன்கள் எல்லாம் வெள்ளைக் கண், மகள்கள் எல்லாம் சிவப்பு. இரண்டாவதில் எல்லாமே சிவப்பு. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம். 1910-இல் அமெரிக்க மரபியலாளர் தாமஸ் ஹண்ட் மார்கன் வெளியிட்ட வேலை இது. தெரிந்த விடைதானே என்று தயங்காதீர்கள். உங்கள் கையால் எண்ணி, உங்கள் எண்களை வைத்து வாதாடக் கற்றுக்கொள்வதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை எனக்குத் தெரியாது. இரண்டாம் தலைமுறைக்கு நேரம் கிடைத்தால் ஆய்வு இன்னும் ஆழமாகும். கிடைக்காவிட்டாலும் ஒரு முழு விடை கையில் இருக்கும்.

ஈயைத் தொடுவதற்கு முன்பே முடிவு அட்டவணையை வெறுமையாக வரைந்துவிடுங்கள். இரண்டு கலப்பு, ஆண் பெண், சிவப்பு வெள்ளை: ஒரு தலைமுறைக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டத்தில் எந்த எண் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று பக்கத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

நேரம் விரயமாவது பெரும்பாலும் கன்னிப் பெண் ஈக்களைச் சேகரிக்கும் இடத்தில். ஏற்கெனவே இணைந்த பெண் ஈ பழைய ஆணின் விந்தணுவைச் சேமித்து வைத்திருக்கும், அப்போது உங்கள் கலப்புக்கே பொருளில்லை. காலையில் குப்பியிலுள்ள ஈக்கள் அத்தனையையும் அகற்றிவிட்டு, 25 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்குள் புதிதாக வெளிவரும் பெண்களைப் பிரித்தெடுங்கள். அவை வெளிறி இருக்கும், வயிற்றில் கரும்புள்ளி ஒன்று தோலுக்கு உள்ளே தெரியும். ஒரு மூன்று நாள் ஆணில்லாமல் தனிக் குப்பியில் வையுங்கள். உள்ளே புழு நெளிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள். கலப்புக்குப் பின் ஏழாம் நாள் பெற்றோரை வெளியேற்ற வேண்டும். பதினெட்டாம் நாளுக்கு மேல் அந்தக் குப்பியில் எண்ணக் கூடாது, அடுத்த தலைமுறை கலந்துவிடும். முதல் தலைமுறையின் அண்ணன் தங்கைகளைச் சேர்க்கும்போது மட்டும் கன்னிப் பெண் தேவையில்லை. நாட்காட்டியில் அது பெரிய நிம்மதி.

எத்தனை ஈ எண்ண வேண்டும்? உதாரணத்துக்குச் சுருள் சிறகு ஈக்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுருள் சிறகுப் பண்பு ஓங்கியது, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும், ஆனால் அந்த மரபணு இரட்டையாக வந்தால் ஈ பிழைக்காது. அதனால் சுருளையும் சுருளையும் கலந்தால் சுருளுக்கும் நேர் சிறகுக்கும் வழக்கமான 3:1 வராது, 2:1 தான் வரும். அச்சு அசலாக 2:1 வந்தாலும், 3:1-ஐ எதிர்பார்த்துக் கைவர்க்கச் சோதனை (chi-square, எண்ணியது எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளப்பது) போட்டால் 40 ஈக்கு மதிப்பு 1.5 தான், 100 ஈக்கு 3.7. ஐந்து சதவீத மட்டத்தில் தாண்ட வேண்டிய எல்லை 3.84. 200 எண்ணினால்தான் 7.4 வந்து வித்தியாசம் நன்றாகத் தெரியும். இந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பே போடுங்கள், எத்தனை குப்பி வேண்டும் என்பது அதிலிருந்து வரும்.

ஆய்வகம் கிடைக்கவில்லை, நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால் பொதுத் தரவுக்குப் போய்விடுங்கள். ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 2015 வெளியீட்டில் 26 மக்கள்தொகையைச் சேர்ந்த 2504 பேரின் மரபணுத் தரவு இலவசமாக இருக்கிறது. பெரியவர்களுக்குப் பால் செரிப்பதோடு தொடர்புடைய ஆர்எஸ்4988235 (rs4988235) என்ற டிஎன்ஏ இடம் ஒன்றை மட்டும் எடுத்து, அங்குள்ள மாற்று வடிவத்தின் விகிதம் மக்கள்தொகைக்கு மக்கள்தொகை எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஹார்டி-வெயின்பர்க் சமநிலையை, அதாவது மரபணு வகைகளின் எண்ணிக்கை தற்செயல் இணைவில் எதிர்பார்ப்பதோடு ஒத்துப்போகிறதா என்பதை, பரிசோதிக்கும்போது ஒவ்வொரு மக்கள்தொகைக்கும் தனித்தனியே செய்யுங்கள். எல்லோரையும் ஒன்றாகக் கொட்டினால் கலப்பு மரபணு வகையினர் (ஓர் இடத்தில் இரண்டு வெவ்வேறு வடிவங்களைக் கொண்டவர்கள்) எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிவார்கள்.

நண்பர்களின் எச்சிலை எடுத்து டிஎன்ஏ பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஏற்கெனவே கையில் இல்லையென்றால் வேண்டாம். அதற்குக் காத்திருக்கவே உங்கள் காலம் சரியாகிவிடும். ஒருவரின் டிஎன்ஏ அவருடைய குடும்பத்தைப் பற்றியும் பேசும் என்பதால் அந்த அனுமதியைச் சடங்காக எண்ணாதீர்கள். பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) தேவைப்பட்டால், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரில் உங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே ஒழுங்காக ஓடுகிறதையே கேட்டு வாங்குங்கள்.

சரி, வழிகாட்டியை முதலில் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாள் போதும். கேள்வி ஒரு வாக்கியத்தில், கீழே வெற்று அட்டவணை, அதற்கும் கீழே தேதி போட்ட நாட்காட்டி. அப்புறம், விடுமுறை நாட்களில் குப்பிகளை யார் பார்ப்பது என்று பெயர் போட்டு எழுதுங்கள், ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமையும் ஈ வெளிவரும்.